நாடித்துடிப்பும் இதயத்துடிப்பும் ஒன்றுதானா?

கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்த பல பொருள்கள் போய்விட்டன. ஆனால் விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மட்டும் இன்றும் பல வீடுகளில் மருந்துப் பெட்டியோடு இருக்கிறது. அதில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது. 2021 கோடையில் அந்த எண் 94-க்குக் கீழே இறங்கிவிடுமோ என்று எல்லோரும் பயந்து பயந்து பார்த்தோம். அதற்குப் பக்கத்தில் 'பி.ஆர்.' என்று சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறார்கள். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அஸர் தொழுகை முடிந்து வந்து, "ஹஜ்ரத், மெஷின்ல ஹார்ட் பீட் 44 காட்டுது. ஆனா டாக்டர் நெஞ்சுல வச்சுப் பார்த்துட்டு 88 இருக்குங்கிறாரு. எது சரி?" என்று கேட்டார். இரண்டுமே சரியாக இருக்கலாம் என்பதுதான் அவருக்கு ஆச்சரியமான பதில். கருவி காட்டியது நாடித்துடிப்பு. மருத்துவர் கேட்டது இதயத்துடிப்பு. பெரும்பாலான மனிதர்களுக்கு, பெரும்பாலான நேரங்களில் இந்த இரண்டும் ஒரே எண்தான். ஆனால் இரண்டும் ஒரே விஷயம் அல்ல. அவை எப்போது ஒன்றுபடும், எப்போது வேறுபடும் என்பது தெரிந்திருந்தால் தேவையில்லாத பயமும் போகும். தேவையான எச்சரிக்கையும் வரும்.

துடிப்பு எங்கே பிறக்கிறது?

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறிய திசுத் திட்டு இருக்கிறது. அதிலிருந்துதான் ஒவ்வொரு துடிப்புக்குமான மின்தூண்டல் புறப்படுகிறது. அது மேலறைகளைச் சுருக்கி, நடுவில் உள்ள இன்னொரு கணுவில் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்து, பிறகு கீழறைகளைச் சுருக்குகிறது. இப்படி ஒரு நிமிடத்தில் இதயம் எத்தனை முறை சுருங்குகிறது என்பதே இதயத்துடிப்பு எண்ணிக்கை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டோ, ஈசிஜி எடுத்தோ இதை அறியலாம்.

நிமிடத்துக்கு 72 முறை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 முறை. ஓய்வில் இருக்கும்போது இடது கீழறை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 70 மி.லி. ரத்தத்தைத் தள்ளுகிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

நாடி என்பது ரத்தம் ஓடுவதா?

மணிக்கட்டில் விரல் வைத்தால் நம் விரலுக்குத் தெரிவது ரத்தம் ஓடி வருவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் அலை.

தாம்பரம் ரயில் நிலையத்தில் நீண்ட சரக்கு ரயில் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜின் லேசாக நகர்ந்ததும் 'டக் டக் டக்' என்று ஒரு அதிர்வு பெட்டி பெட்டியாகப் பாய்ந்து கடைசிப் பெட்டி வரை போய்விடும். அந்த நேரத்தில் முதல் பெட்டி சில அடி தூரம்கூட நகர்ந்திருக்காது. ரயில் மெதுவாகப் போகிறது. அதிர்வு வேகமாகப் போகிறது. நாடியும் இப்படித்தான். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது எழும் அழுத்த அலை, தமனிகளின் சுவர் வழியாக நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இதயம் சுருங்கிய பிறகு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அது மணிக்கட்டை வந்து தொட்டுவிடுகிறது. அப்போது இதயத்திலிருந்து வெளியேறிய ரத்தம் இன்னும் வழியில்தான் இருக்கும்.

எனவே நாடித்துடிப்பு என்பது, 'இதயம் ஒருமுறை தள்ளியது, அந்தத் தள்ளல் இங்கே வந்து சேர்ந்தது' என்ற செய்தி. இதயம் அனுப்பியது எத்தனை என்பது இதயத்துடிப்பு. கைக்கு வந்து சேர்ந்தது எத்தனை என்பது நாடித்துடிப்பு. அனுப்பியதெல்லாம் வந்து சேர்ந்தால் இரண்டு எண்ணும் ஒன்று. இதயத்துடிப்பு சில நேரம் நாடியைவிடக் கூடுதலாக இருக்கலாம். நாடி ஒருபோதும் இதயத்துடிப்பைவிடக் கூடுதலாக இருக்காது. கருவி அப்படிக் காட்டினால் அது கருவியின் பிழை.

ஆக்சிமீட்டர் ஒளியை விரலுக்குள் பாய்ச்சி இந்த அலையைத்தான் எண்ணுகிறது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் பச்சை ஒளியால் செய்வதும் இதையேதான். திரையில் 'ஹார்ட் ரேட்' என்று போட்டிருந்தாலும் அது எண்ணுவது பெரும்பாலும் நாடியைத்தான். விரல் குளிர்ந்திருந்தாலோ, கை அசைந்தாலோ, நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தாலோ எண் தவறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்னோர்கள் எண்ணவில்லை, கவனித்தார்கள்

நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என மூன்று நாடிகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று அன்னம் போல் நடக்கும், ஒன்று ஆமை போல் ஊரும், ஒன்று தவளை போல் தாவும் என்று நடையை வைத்தே அடையாளம் சொல்வார்கள். 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் நாடி பார்ப்பது நோயறியும் முறைகளில் ஒன்று.

யூனானி மருத்துவத்தில் நாடிக்கு 'நப்ளு' என்று பெயர். கி.பி. 980-ல் பிறந்து 1037-ல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலில் நாடியைப் பத்து வகையில் ஆராயச் சொல்கிறார். அதன் அகலம், வலிமை, வேகம், தமனியின் மென்மை, இரு துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி, ஒரே சீராக இருக்கிறதா இல்லையா என்று பட்டியல் நீள்கிறது. சீரற்ற நாடிகளுக்கு மான் பாய்ச்சல், எறும்பு ஊர்தல், எலி வால் என்றெல்லாம் யூனானியில் பெயர்கள் உண்டு. காதல் நோயால் படுத்திருந்த இளைஞன் ஒருவனின் நாடியைப் பிடித்தபடி ஊர்களின் பெயர்களையும் தெருக்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லச் செய்து, எந்தப் பெயரில் நாடி துள்ளியதோ அதை வைத்தே அவன் மனதில் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்தார் என்று இப்னு ஸீனாவைப் பற்றிப் பழைய பாரசீக நூலில் ஒரு கதை உண்டு. ஒருவர் மனதை அறிவதற்கு நாமும் 'நாடி பிடித்துப் பார்ப்பது' என்றுதானே சொல்கிறோம்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அன்று நிமிடக் கணக்கு காட்டும் கடிகாரம் இல்லை. அதனால் அவர்கள் எண்ணிக்கையைவிட நடையை, சீரை, வலிமையைக் கவனித்தார்கள். 1707-ல்தான் ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் நாடி எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைப் பற்றி நூல் எழுதினார். இன்று நம்மிடம் கருவி இருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கிறோம், நடையைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

தமனிகளின் சுவர்களுக்குத் துடிக்கும் ஆற்றல் உண்டு என்று கிரேக்க மருத்துவர் காலன் கருதினார். பல நூற்றாண்டுகள் அதுவே நீடித்தது. 1628-ல் வில்லியம் ஹார்வி, தமனி துடிப்பது இதயம் தள்ளும் ரத்தத்தால்தான் என்று நிறுவினார். 1816-ல் லேனெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். அதன் பிறகு ஒரு காதில் இதயத்தையும் ஒரு கையில் நாடியையும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது எளிதானது.

அனுப்பியது வந்து சேராதபோது

இனி, நம் ஜமாஅத் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இதயம் 88, நாடி 44. பாதி எங்கே போனது?

சிலருக்கு இதயத்தின் கீழறையிலிருந்து இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். இதயம் நிரம்பும் முன்பே சுருங்கிவிடுவதால் அந்தத் துடிப்பில் தள்ளுவதற்குப் போதுமான ரத்தம் இருக்காது. குடம் நிறையும் முன் கவிழ்த்தால் எவ்வளவு வரும்? அந்த மெலிந்த அலை மணிக்கட்டுவரை வருவதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு சரியான துடிப்பு, ஒரு முந்திய துடிப்பு என்று மாறி மாறி வந்தால் இதயம் 88 முறை சுருங்கும். விரலுக்கு 44 மட்டுமே தெரியும். 'இதயம் நடுவில் ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அப்புறம் டொக்கென்று அடிக்கிறது' என்று சிலர் சொல்வது இதைத்தான். முந்திய துடிப்புக்குப் பின் சற்றுக் கூடுதல் இடைவெளி கிடைப்பதால் இதயம் நன்றாக நிரம்பி அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது.

எப்போதாவது வரும் முந்திய துடிப்புகள் ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. தூக்கமின்மை, மன அழுத்தம், அதிக தேநீர், காபி ஆகியவற்றோடும் வரலாம். ஆனால் அடிக்கடி வந்தாலும், தலைச்சுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு வந்தாலும் ஈசிஜி எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். நாடி 44 என்பது உண்மையிலேயே இதயம் மெதுவாகத் துடிப்பதாலும் இருக்கலாம். இதயத்தின் மின்பாதையில் அடைப்பு ஏற்பட்டால் அப்படி ஆகும். சிலருக்குப் பேஸ்மேக்கர் பொருத்த வேண்டிவரும். இரண்டில் எது என்று விரலால் சொல்ல முடியாது. ஈசிஜி சொல்லும்.

கவனிக்காமல் விடக்கூடாத நாடி

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. வயது ஏற ஏற, குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற கோளாறு வரலாம். சைனஸ் கணுவின் கட்டுப்பாடு தவறி, மேலறைகள் சுருங்குவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறைகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் துடிக்கும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் இது வரும். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்களுக்கு இளவயதிலேயே வருவதை நம் நாட்டில் பார்க்கிறோம்.

இதில் நாடி எப்படி இருக்கும்? ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக, ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதமாக, எந்தக் கணக்குக்கும் அடங்காமல் இருக்கும். இதயத்தில் 130 கேட்கும்போது மணிக்கட்டில் 100 மட்டும் கிடைக்கலாம். இந்த வித்தியாசத்தை அளக்க ஒருவர் நெஞ்சிலும் இன்னொருவர் கையிலும் ஒரே நிமிடத்தில் எண்ணுவது மருத்துவமனைகளில் பழைய வழக்கம்.

இதன் ஆபத்து படபடப்பு மட்டுமல்ல. மேலறை நடுங்கும்போது அதன் மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி புறப்பட்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கை கால் விழுந்த பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் அந்த அபாயத்தைப் பெருமளவு குறைத்துவிடும். அதனால்தான் 65 வயதைக் கடந்தவர்களுக்கு நாடியின் சீரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மூன்று விரலும் ஒரு நிமிடமும் போதும்.

வீட்டில் நாடி பார்ப்பது எப்படி?

1. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மாடிப்படி ஏறி வந்த உடனோ, தேநீர் குடித்த உடனோ வேண்டாம். ஃபஜ்ருக்கு எழுந்ததும் பார்ப்பது நல்ல நேரம்.

2. உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பு உங்களை ஏமாற்றிவிடும்.

3. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி. முதல் தடவையும், சீராக இல்லை என்று தோன்றினாலும், முழு 60 நொடி எண்ணுங்கள்.

4. எண்ணியபின் கேட்டுக்கொள்ளுங்கள்: கடிகார முள் போல ஒரே இடைவெளியில் வந்ததா? இடையில் விட்டுவிட்டு வந்ததா? முழுக்கவே ஒழுங்கில்லாமல் வந்ததா? எண்ணோடு இதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

5. கழுத்தில் பார்ப்பதென்றால் ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது.

இளைஞர்களுக்கு மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் இருக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

எத்தனை இருக்கலாம்?

ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. பச்சிளம் குழந்தைக்கு 100 முதல் 160 வரை இருக்கும்; குழந்தை வளர வளரக் குறையும். நன்றாகப் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 40-களில்கூட இருக்கலாம். அவர்களுடைய இதயம் ஒரே தள்ளலில் அதிக ரத்தத்தை அனுப்புவதே காரணம்.

காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி ஏறக்குறைய 10 கூடும். டைபாய்டில் மட்டும் சில நேரம் காய்ச்சலுக்கு ஏற்ற அளவு நாடி உயராது. ரத்தசோகை, தைராய்டு மிகை, உடலில் நீர் குறைதல், பயம் எல்லாம் நாடியைக் கூட்டும். ரமளானில் அஸருக்குப் பின் வெயிலில் அலைந்துவிட்டு வந்து பார்த்தால் எண் கூடியிருப்பது நீர்க் குறைவால்தான். அதனுடன் எழுந்து நிற்கும்போது கண் இருண்டால் உடனே படுத்து, உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரைகள் நாடியைக் குறைக்கும். எண் குறைவாக இருக்கிறதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோன்பு நாட்களில் மாத்திரை நேரத்தை மாற்றுவதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

நடைப்பயிற்சி செய்பவர்கள் 220-லிருந்து வயதைக் கழித்துக்கொள்ளுங்கள். 50 வயதுக்காரருக்கு 170 வரும். மிதமான பயிற்சியில் அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 85 முதல் 119 வரை துடித்தால் போதும். எழில் நகர் அடுக்குமாடிகளில் மேல்தளங்களுக்குப் படியேறுபவர்கள், நின்ற பிறகு நாடி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்றும் பார்க்கலாம். சீக்கிரம் இறங்கினால் இதயம் பயிற்சிக்குப் பழகியிருக்கிறது என்று பொருள்.

வேறொருவரின் இதயம், வேறொரு வேகம்

நம் பெரும்பாக்கத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற பெரிய மருத்துவமனை இருப்பது எல்லோருக்கும் தெரியும். இதயம் மாற்றி வைக்கப்பட்டவரின் நாடியை எண்ணினால் ஓய்விலேயே 90, 100, 110 என்று இருக்கும். அது நோயல்ல. சைனஸ் கணு தன் போக்கில் சற்று வேகமாகத்தான் துடிக்கும். வேகஸ் என்ற நரம்புதான் நம் இதயத்தைக் கடிவாளம் போல இழுத்துப் பிடித்து 70-க்குக் கொண்டுவருகிறது. மாற்று இதயத்தில் அந்த நரம்பு அறுபட்டிருக்கும். அதனால் அவர் நடக்கத் தொடங்கினாலும் நாடி உடனே ஏறாது; ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே மெல்ல ஏறும். எல்லோருக்கும் ஒரே எண்ணை வைத்து அளக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'நாடி நின்றுவிட்டது' என்று சொல்லும் முன்

கடைசியாக ஒன்று. வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்ததும் யாராவது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "நாடி இல்லை, முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். அழுகை தொடங்கிவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அடுத்த அழைப்பு வருகிறது. முதல் அழைப்பு 108-க்குப் போயிருக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால் மணிக்கட்டில் நாடி மறைந்துவிடும். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கலாம். பதற்றத்தில் இருப்பவரின் விரலுக்கு இருக்கும் நாடியும் தெரியாது. எனவே பயிற்சி இல்லாதவர்கள் நாடி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. கூப்பிட்டால் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, உதவி வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். நின்றுபோன இதயத்தின் வேலையை அந்த நேரத்தில் உங்கள் கைகள் செய்கின்றன. இறப்பை உறுதி செய்வது மருத்துவரின் வேலை. மணிக்கட்டைப் பிடித்த நம் விரலின் வேலை அல்ல.

ஓய்வில் இருக்கும்போதும் நாடி தொடர்ந்து 100-க்கு மேல் இருந்தாலும், 50-க்குக் கீழே இறங்கித் தலைச்சுற்றினாலும், ஒழுங்கில்லாமல் வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 108. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது நீங்கள் எழுதி வைத்த தாளையும் காட்டுங்கள்.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதோடு, சீராக வருகிறதா என்றும் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.